கடற்கரைக்கு மின்மாற்றி வாங்குவது: இராமநாதபுரம் கரையோரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலும், பாம்பன் தாண்டி இராமேசுவரம் தீவிலும் மின்பகிர்மானப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது என்னிடம் கேட்டதைவிட, ஓய்வு பெற்ற பிறகு டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் மக்கள் கேட்பதுதான் அதிகம். பழைய மின்மாற்றிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும் போதெல்லாம் இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகிவிடுகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கான பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மின்மாற்றியை வாங்குவது யார்? எங்கள் நகராட்சிக்கு அதில் பங்கு உண்டா?

வாங்குவதில் நகராட்சிக்குப் பங்கு இல்லை. 1957 ஜூலை 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் மறுபடியும் பிரித்தபோது, வீட்டுக்கும் கடைக்கும் மின்சாரம் கொண்டுவந்து சேர்க்கும் வேலை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் வந்தது. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் நம் ஊரில் அது 'இ.பி.' தான். மொத்தக் கொள்முதல் தலைமை அலுவலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரி நடக்கிறது. வந்த சரக்கு பண்டகசாலைகளுக்குப் போய், அங்கிருந்து பிரிவு அலுவலகங்களின் தேவைக்கேற்ப வெளியே வருகிறது.

இதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. ஆயிரக்கணக்கில் சேர்த்து வாங்கும்போது விலை படிகிறது. ஆனால் தருமபுரிக்கும் தனுஷ்கோடிக்கும் ஒரே விவரக்குறிப்பு போதும் என்று கொள்முதல் செய்பவர் நினைத்துவிட்டால், அந்த விலைச் சலுகையை நம் கரையின் உப்புக்காற்று ஐந்தே ஆண்டில் தின்றுவிடும்.

கமுதியில் அவ்வளவு பெரிய சூரிய மின் நிலையம், வழுதூரில் எரிவாயு மின் நிலையம். இத்தனை இருந்தும் எங்கள் தெருவில் ஏன் லோ வோல்டேஜ்?

நியாயமான ஆதங்கம்தான். 2016இல் கமுதியில் அமைந்த சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆனால் அங்கு விளையும் மின்சாரம் உயர் அழுத்தத்தில் மாநிலத் தொகுப்புக்குப் போகிறதே தவிர, பக்கத்து ஊர் என்பதற்காக நேரே உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஏரி நிரம்பிக் கிடந்தாலும் கடைமடை வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயல் காய்வதைப் போன்றதுதான் இதுவும்.

உங்கள் தெருவில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் தெருமுனை மின்மாற்றியிலோ, அதிலிருந்து புறப்படும் தாழ்வழுத்தக் கம்பியிலோதான் இருக்கும். மின்மாற்றி வரை 11 ஆயிரம் அல்லது 22 ஆயிரம் வோல்ட்டில் வரும் மின்சாரம், அதற்குள் மூன்று பேஸ் கம்பிகளுக்கு இடையே 433 வோல்ட்டாகக் குறைந்து வெளியே வருகிறது. ஒரே அளவு மின்சாரத்தை 22 ஆயிரம் வோல்ட்டில் கொண்டு போகும்போது கம்பியில் ஓடும் கரண்ட்டைவிட, 433 வோல்ட்டில் கொண்டு போகும்போது ஓடுவது சுமார் 50 மடங்கு அதிகம். கம்பியில் சூடாகி வீணாவது அந்த மடங்கின் மடங்கு, அதாவது அதே கம்பியில் சுமார் 2,500 மடங்கு. ஆகவே மின்மாற்றிக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் லோ வோல்டேஜுக்கு நேரான மருந்து. புதிய மின்மாற்றி வாங்குவது நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

உப்புக்காற்று மின்மாற்றியை அப்படி என்னதான் செய்கிறது?

பாம்பனிலோ மண்டபத்திலோ, மழை பெய்து பல மாதம் ஆன ஒரு பருவத்தில், விடியற்காலை நான்கு மணிக்கு மின்மாற்றிக் கம்பத்தருகே போய்ப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். 'உஸ்' என்று சன்னமாக ஓர் இரைச்சல் கேட்கும். இருட்டு நன்றாக இருந்தால் பீங்கான் இன்சுலேட்டரின் மடிப்புகளில் நீலமாக மினுமினுப்பதும் தெரியும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் பனி இறங்கியதும் உப்புப் படலம் கரைந்து உப்புநீர்ப் படலமாகிவிடுகிறது. இன்சுலேட்டரின் மேற்பரப்பிலேயே மின்சாரம் ஊர்ந்து போகப் பாதை கிடைத்துவிடுகிறது. அந்த ஊர்தல் முற்றினால் 'டமார்' என்று வெடித்து, மின்மாற்றிகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர் அழுத்தக் கம்பித்தடமான ஃபீடர் டிரிப் ஆகிறது. நல்ல மழை இன்சுலேட்டரைக் கழுவிவிடுவதால் அது நமக்கு நண்பன். தூறலும் பனியும்தான் பகை. வடகிழக்குப் பருவமழை நின்ற பிறகு அடுத்த ஐப்பசி வரை பெரிய மழை காணாத கரை இது என்பதால், உப்பு சேர்வதற்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. வாடை வீசும்போது பாக் விரிகுடாக் கரைக்கும், சோழகம் வீசும்போது மன்னார் வளைகுடாக் கரைக்குமாக, தீவில் இரண்டு பக்கமும் முறை வைத்து அடி விழுகிறது.

இது வெளிப்படையாகத் தெரியும் கேடு. சத்தமில்லாமல் நடப்பது துரு. மின்மாற்றியின் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்தான் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளைக் குளிர வைப்பதும், மின்கசிவு ஏற்படாமல் காப்பதும். எண்ணெய் ஆறுவதற்காகத் தொட்டியின் பக்கவாட்டில் மெல்லிய தகட்டாலான ரேடியேட்டர் மடல்கள் இருக்கும். ஒரு முறை, வந்து மூன்று மழைக்காலமே கண்டிருந்த ஒரு மின்மாற்றியின் மடலில், பெயிண்ட் கொப்புளித்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். பெயிண்டோடு தகடும் அப்பளம்போல் உதிர்ந்து, விரல் நுனியில் எண்ணெய் பட்டது. அதைச் செய்து தந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. உள்நாட்டு ஊருக்கு அது நல்ல சரக்காகவே இருந்திருக்கும். இங்கே ஒழுக்கு பெரிதாகி எண்ணெய் மட்டம் இறங்க, சுருளின் மேல்பகுதி எண்ணெய்க்கு வெளியே வர, ஒரு மாலை நேர லோடில் எரிந்து போனது.

மூன்றாவது கேடு மூச்சு வழியாக வருகிறது. பகலில் எண்ணெய் சூடாகி விரிவதாலும் இரவில் குளிர்ந்து சுருங்குவதாலும் மின்மாற்றி காற்றை வெளியே விட்டு உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று பிரீதர் என்னும் சிறு குடுவையில் உள்ள சிலிக்கா ஜெல் மணிகள் வழியாகப் போகும். மணிகள் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். நீல நிற மணிகள் வெளிர் சிவப்பானால் இனிக் குடிக்க இடமில்லை என்று பொருள். ஆரஞ்சு நிற வகையாக இருந்தால் பச்சையாக மாறும். உள்நாட்டில் மாதக்கணக்கில் தாங்கும் மணிகள் இங்கே மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே நிறம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஈரம் நேராக எண்ணெய்க்குத்தான் போகும்.

நிலத்தடியையும் மறக்கக் கூடாது. உவர் மண்ணில் எர்த் எளிதில் கிடைக்கும் என்பது உண்மை. அளந்தால் எர்த்தின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) அழகாகக் குறைந்து காட்டும். அதே மண் எர்த் குழாயை அரித்துவிடும். தரைக்கு மேலே புத்தம் புதிதுபோல் தெரிந்த குழாயைப் பிடுங்கிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருந்த பாதி சல்லடையாக வந்ததை ஒரு முறை கண்டேன்.

அப்படியானால் ஒப்பந்தப்புள்ளியில் கடற்கரைக்கென்று என்னென்ன எழுத வேண்டும்?

முதலில் புஷ்ஷிங். மின்மாற்றிக்கு உள்ளே போகும் கம்பியைத் தொட்டியில் படாமல் பிடித்திருக்கும் பீங்கான் உருளை அது. அதன் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக அளந்தால் வரும் நீளத்தை ஊர்வுத் தூரம் என்போம். மிகக் கடுமையான மாசு உள்ள இடங்களுக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்பது நெடுங்காலமாக உலகெங்கும் வழக்கில் உள்ள அளவு. 22 ஆயிரம் வோல்ட் அமைப்பின் உச்ச அழுத்தம் 24 கிலோவோல்ட் என்பதால் 744 மில்லிமீட்டர் தேவை. இதையே 25 என்று எழுதினால் 600 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். காகிதத்தில் ஆறு என்ற எண் வித்தியாசம். களத்தில் அது அரைச் சாண் நீளத்துக்குச் சற்று அதிகம். பீங்கானுக்குப் பதிலாக நீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் வகை கேட்பதும் நல்லது. அதன் மேல் பனி படலமாகப் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

அடுத்தது தொட்டி. இதில் எனக்கும் என்னோடு பணியாற்றிய சிலருக்கும் கடைசிவரை ஒத்துப் போகவில்லை. ஈரம் உள்ளே போகக் கூடாது என்றால் முழுக்க மூடி முத்திரையிட்ட வகை மின்மாற்றியை வாங்கிவிடலாம். அதற்குப் பிரீதரும் வேண்டாம், சிலிக்கா ஜெல்லும் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம்தான். ஆனால் அந்த வகையில் எண்ணெய் விரிவதற்கும் சுருங்குவதற்கும் இடம் கொடுப்பது தொட்டியின் நெளிநெளியான பக்கச் சுவர். நெளிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் தகடு மெல்லியதாக இருக்கும். மெல்லிய தகடு நம் காற்றில் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். ஆகவே மூடிய வகையைக் கேட்பவர் துருக்காப்பையும் சேர்த்துக் கேட்டால்தான் அதில் பொருள் உண்டு: உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு, அதன் மேல் எபாக்சி அடுக்கு, மேலே வெயில் தாங்கும் மேல்பூச்சு, எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சக் கனம், அந்தக் கனத்தை அளந்து பார்க்கும் உரிமை. துருக்காப்புக்கான பன்னாட்டுத் தரநிலையில் கடலோரக் கடுமைக்கு 'சி5' என்று வகை பிரித்திருக்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தை விவரக்குறிப்பில் சேர்ப்பதால் ஏற்படும் கூடுதல் விலை, ஒரு மின்மாற்றியை ஒரு முறை இறக்கி ஏற்றுவதற்கு ஆகும் செலவின் முன் பெரிதாகத் தோன்றாது.

போல்ட், நட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சில்லறைச் சாமான்தானே என்று எண்ணத் தோன்றும். துருப்பிடித்து இறுகிப்போன ஒரு நட்டைக் கழற்ற முடியாமல், ஹேக்சா பிளேடு வைத்து அறுத்துக்கொண்டு, ஷட்டவுன் நேரம் இரண்டு மணி நேரம் நீண்டு போனபோது கம்பத்தின் மேல் நின்ற லைன்மேனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறைந்த விலை சொன்னவரிடம்தானே வாங்க வேண்டும்? சட்டம் அப்படித்தானே சொல்கிறது?

பலரும் அப்படி நினைக்கிறார்கள், அதிகாரிகளில் சிலரும்கூட. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, அளந்து கணக்கிடக்கூடிய அளவுகோல்களின்படி மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டில் குறைந்ததை ஏற்கச் சொல்கிறது. ஆவணத்தில் மின் இழப்பையும் ஓர் அளவுகோலாக எழுதியிருந்தால் அதையும் பணமாக்கி விலையோடு கூட்டலாம். எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கணக்கைப் பார்ப்போம். பகிர்மான மின்மாற்றிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1180. அதன் 2014 பதிப்பில் 11 ஆயிரம் வோல்ட், 100 கே.வி.ஏ. (மின்மாற்றியின் கொள்திறனைச் சொல்லும் அளவு) மின்மாற்றி பாதி லோடில் ஓடும்போது இழக்கக்கூடிய உச்ச அளவு, இழப்பைக் கொண்டு பிரித்த சிக்கன நிலைகளில் முதல் நிலைக்கு 520 வாட். இரண்டாம் நிலைக்கு 475 வாட். வித்தியாசம் 45 வாட்தான், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. மின்மாற்றிக்கு ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது என்பதால் அந்த பல்பு ஆண்டுக்கு 8,760 மணி நேரம் எரிகிறது: 394 யூனிட். 25 ஆண்டு ஆயுளில் சுமார் 9,850 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 59 ஆயிரம் ரூபாய். நாளை வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால் ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 21 ஆயிரம் நிற்கிறது. இரண்டாம் நிலை மின்மாற்றியின் கூடுதல் விலை இந்த 21 ஆயிரத்துக்குள் இருக்கும்வரை அதை வாங்குவதே சிக்கனம். இத்தனைக்கும் இது ஒரே ஒரு மின்மாற்றியின் கணக்கு.

போட்டியாளர்கள் எல்லோரும் பைசா பிசகாமல் ஒரே விலையை எழுதி அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். உறையைப் பிரித்த மேசையிலேயே அந்த ஒப்பந்தப்புள்ளியை நிறுத்தி வைத்துவிட்டு விசாரிக்க வேண்டும். தனித்தனித் தொழிற்சாலைகளில், தனித்தனிச் செலவில் செய்யும் பொருளுக்குத் தற்செயலாக ஒரே விலை அமைவதை நான் நம்ப மாட்டேன்.

செம்புச் சுருளா, அலுமினியச் சுருளா?

செம்பு கடத்துதிறன் மிக்கது, இடம் அடைக்காது, ஷார்ட் சர்க்யூட்டின் உதைப்பை நன்றாகத் தாங்கும். அலுமினியம் மலிவு. இழப்பின் அளவைத் தரநிலை கட்டுப்படுத்திவிடுவதால், சிறிய மின்மாற்றிகளில் அலுமினியம் என்றாலே மட்டம் என்று சொல்வதற்கில்லை. பனங்காட்டுக்கும் சீமைக்கருவேலங்காட்டுக்கும் நடுவே தனியாக நிற்கும் மின்மாற்றியில் செம்பு இருப்பது, திருடனுக்குப் பத்திரிகை அடித்து அழைப்பு வைப்பது போலத்தான். அங்கே அலுமினியம், ஊருக்குள் உள்ள பெரியவற்றுக்குச் செம்பு என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஒரே பெரிய மின்மாற்றியாக வைத்தால் என்ன? எதற்கு ஊரெல்லாம் சின்னச் சின்னதாக?

100 கே.வி.ஏ. மின்மாற்றி 433 வோல்ட் பக்கத்தில் ஒரு பேஸுக்கு 133 ஆம்பியர் வரை தரும், 25 கே.வி.ஏ. 33 ஆம்பியர் தரும். கீழக்கரையின் நெருக்கமான தெருக்களுக்கோ, கோயிலைச் சுற்றிய விடுதிகளுக்கோ பெரிய மின்மாற்றிதான் பொருந்தும். சாயல்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம் இருக்கும் சிற்றூர்களில் பெரியது ஒன்றை வைத்துத் தாழ்வழுத்தக் கம்பியை ஒரு கிலோமீட்டருக்கு இழுத்துப் போனால், கடைசி வீட்டுக்காரருக்கு மின்விசிறி சுற்றுவதைவிட ஆடுவதுதான் கிடைக்கும். அங்கே உயர் அழுத்தக் கம்பியை ஊர்வரை கொண்டு போய், சிறு மின்மாற்றிகளை வீடுகளுக்கு அருகில் வைப்பதே முறை. ஆனால் மின்மாற்றிகளின் எண்ணிக்கை கூடினால் துருப்பிடிக்கக்கூடிய தொட்டிகளின் எண்ணிக்கையும் கூடும் என்பதால், பராமரிப்புக்கு ஆள் இல்லாத பிரிவில் இந்த முறையைக் கண்மூடித்தனமாகப் பரப்பவும் கூடாது.

ஐஸ் பிளாண்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஏன் அடிக்கடி எரிகிறது?

லோடை அளந்து பார்த்த நாள் தப்பாக இருந்திருக்கலாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐஸ் தேவை படுத்துவிடும். அந்த மே மாதத்தில் ஒருவர் டாங் டெஸ்டரோடு போய்க் கம்பியில் ஓடும் ஆம்பியரை அளந்து, இருக்கும் மின்மாற்றியே தாராளம் என்று எழுதிக்கொடுத்ததும், தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்தில் அதே மின்மாற்றி எரிந்ததும் என் கண்ணெதிரே நடந்தவை. வாரத்துக்குள்ளேயே விசைப்படகு போகும் நாளுக்கும் நாட்டுப்படகு போகும் நாளுக்கும் லோடு மாறும் கரை இது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்தில் விடுதி ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும். ஏர்வாடியில் சந்தனக்கூடு நாட்களில் கூட்டத்தோடு லோடும் ஏறும்.

சில மணி நேர மிகை லோடை எண்ணெய் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் நீடித்தால் தாங்காது. கம்பிச்சுருளைச் சுற்றிய காகிதக் காப்பு அதன் இயல்பான வெப்ப எல்லைக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கிறது என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. 12 டிகிரி கூடினால் கால் பங்குதான் மிஞ்சும்.

தடைக்காலத்தில் லோடே இல்லாதபோதும் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கும் இழப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப் பாதி ஆண்டு பசியாகவும் பாதி ஆண்டு விருந்தாகவும் இருக்கும் இடங்களுக்கு அமார்ஃபஸ் உலோக உள்ளகம் கொண்ட மின்மாற்றி ஏற்றது. வழக்கமான சிலிக்கான் எஃகு உள்ளகத்தைவிட அதன் வெற்று இழப்பு பாதிக்கும் கீழே. ஐஸ் பிளாண்ட் உரிமையாளர்களும் தங்கள் பங்குக்கு மோட்டார் வீணாக இழுக்கும் கரண்ட்டைக் குறைக்கும் கெப்பாசிட்டரைச் செயல்படும் நிலையில் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதாகக் கணக்கில் மட்டும் இருக்கும் கெப்பாசிட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்மாற்றிக்கே மீட்டர் வைக்கிறார்களாமே, எதற்கு?

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டத்தின் மொத்த மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். நுகர்வோர் மீட்டர் மட்டுமல்லாமல் மின்மாற்றிக்கும் ஃபீடருக்கும் மீட்டர் பொருத்துவதும் அதில் அடங்கும். மின்மாற்றியிலிருந்து வெளியே போன யூனிட்டையும், அதன் கீழ் உள்ள வீடுகளின் பில்லில் வந்த யூனிட்டையும் ஒப்பிட்டால், எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் பயன் வேறு: மே மாதத்தில் டாங் டெஸ்டர் வைத்து அளக்கும் அபத்தத்துக்கு முடிவு வரும். ஆண்டு முழுவதும் அரைமணிக்கு ஒரு முறை லோடு பதிவானால், எத்தனை கே.வி.ஏ. வாங்க வேண்டும் என்பதை யாரும் கண்ணால் மதிப்பிட வேண்டியிருக்காது.

மொட்டைமாடியில் சோலார் போட்டால் மின்மாற்றிக்குப் பாரம் குறையுமா?

பகலில் குறையும். ஆனால் ஐஸ் பிளாண்ட்டைத் தவிர நம் வீடுகளின் உச்ச லோடு இரவில்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் பலரும் போடுகிறார்கள், நல்லதே. ஒரே மின்மாற்றியின் கீழ் நிறைய வீடுகள் போட்டுவிட்டால், நடுப்பகலில் மின்சாரம் திரும்பி ஏறி வோல்டேஜ் உயரும். புதிய மின்மாற்றியின் அளவைத் தீர்மானிக்கும்போது இதையும் பார்க்க வேண்டும்.

சொன்ன தரத்தில்தான் சரக்கு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பகிர்மான மின்மாற்றியை விற்கவே கூடாது என்பது விதி. அது முதல் வடிகட்டி. தொழிற்சாலையில் ஒவ்வொரு மின்மாற்றிக்கும் இழப்பு, மின்தடை, காப்புத்திறன் ஆகியவற்றை அளக்கும் வழக்கச் சோதனை உண்டு. வடிவமைப்புக்கு ஒரு முறை இடி மின்னல் அழுத்தச் சோதனை, வெப்ப உயர்வுச் சோதனை, ஷார்ட் சர்க்யூட் சோதனை ஆகியவற்றைப் பெங்களூருவிலோ போபாலிலோ உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வகத்தில் செய்து சான்று தர வேண்டும்.

சோதனைக்குப் போன மின்மாற்றியும் நமக்கு வந்த மின்மாற்றியும் உள்ளுக்குள் ஒன்றுதானா என்பதே கேள்வி. பண்டகசாலைக்கு வந்து இறங்கிய சரக்கிலிருந்து, வாங்குபவரே ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, மூடி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், விற்பவருக்கு எதை அனுப்புவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த ஒரு வரி பல கண்காணிப்பாளர்களுக்குச் சமம். கடற்கரைச் சரக்குக்கு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: பெயிண்ட் கனமானியை ரேடியேட்டர் மடலின் வெல்டிங் விளிம்பில் வைத்து அளக்க வேண்டும். தொட்டியின் நெற்றியில் எல்லோரும் நன்றாகவே பூசுகிறார்கள்.

புயல் வந்தால் புதிய மின்மாற்றி தாங்குமா?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலையோ, 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் கம்பங்களைச் சாய்த்த கஜாவையோ தாங்கும்படி யாரும் தெருமுனை மின்மாற்றி செய்வதில்லை. மின்மாற்றி பெரும்பாலும் காற்றால் சாவதில்லை. அதைத் தாங்கும் கம்பம் சாய்ந்து விழுந்தே சாகிறது. ஆகவே வாங்கும்போதே அடித்தளத்துக்கும் கம்பத்துக்கும் பணம் ஒதுக்குவது, வெள்ளம் ஏறும் இடங்களில் பீடத்தை உயர்த்துவது, தீவுக்கென்று சில மின்மாற்றிகளைப் பாம்பனுக்கு இந்தப் பக்கம் அல்லாமல் அந்தப் பக்கமே இருப்பு வைப்பது ஆகிய மூன்றும் வேண்டும். பாலம் மூடப்பட்ட நாளில் இராமநாதபுரம் பண்டகசாலையில் எத்தனை இருந்து என்ன பயன்? அப்படி இருப்பில் வைத்ததையும் சும்மா போட்டு வைக்கக் கூடாது. மாதக்கணக்கில் நின்ற மின்மாற்றியின் எண்ணெயைச் சோதித்து, இரண்டு மின்முனைகளுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கிலோவோல்ட்டாவது தாங்குகிறதா என்று பார்த்த பிறகே கம்பத்தில் ஏற்ற வேண்டும்.

எங்கள் தெரு மின்மாற்றியில் எண்ணெய் வடிகிறது. யாரிடம் சொல்வது?

பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் பதிவு செய்து புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வடிவது சொட்டுதானே என்று விட வேண்டாம். தொட்டியின் அடியில் மணல் கறுத்திருப்பதை ஒரு படம் எடுத்து இணைத்தால் விரைவில் கவனிக்கப்படும். ஸ்டே கம்பியிலும் எர்த் கம்பியிலும் ஆடு கட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

புதிய மின்மாற்றி எங்கள் ஊருக்கு வருவதற்கு வண்டி வாடகை, ஆள் கூலி என்று ஊரில் பணம் வசூலிக்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. லோ வோல்டேஜைச் சரிசெய்யவும், எரிந்ததை மாற்றவும் வைக்கும் மின்மாற்றி பகிர்மானக் கழகத்தின் மேம்பாட்டு, பராமரிப்புச் செலவைச் சேர்ந்தது. வண்டியும் கிரேனும் அதில் அடக்கம். உங்கள் வீட்டுமனைக்கு இடைஞ்சல் என்று இருக்கும் மின்மாற்றியை வேறிடத்துக்கு மாற்றக் கேட்டால் மட்டும், மதிப்பீட்டுத் தொகையை நீங்கள் முன்கூட்டிச் செலுத்த வேண்டியிருக்கும். அதற்கும் அலுவலகம் எழுத்தில் மதிப்பீடு தரும். பணம் கட்டியதற்கு ரசீது வரும். ரசீது வராத தொகை எதுவானாலும், கேட்பவர் எவ்வளவு தெரிந்தவரானாலும், கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.